நல்லபிள்ளை கண்ணை மூடிக்கொண்டபோது

ஒரு கதையைப் பல ஆண்டுகள் அரைகுறையாகவே சொல்லிவந்திருக்கிறோம் என்று தெரியவரும்போது ஒரு தனிக் கூச்சம் உண்டாகிறது. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1747ஆம் ஆண்டு லண்டனில் வெளியிட்ட ‘உழைப்பும் சோம்பலும்’ என்னும் பன்னிரண்டு அச்சுப்படங்களின் கதையை நான் அப்படித்தான் சொல்லிவந்தேன். தெரிந்தவர் ஒருவர் தொழிற்பயிற்சிக் கூடம் நடத்துகிறார். அங்கே புதிதாகச் சேரும் பையன்களிடம் ஒரு மணி நேரம் பேசும்படி ஆண்டுதோறும் என்னை அழைப்பார். பையன்களுக்கு உபதேசம் பிடிக்காது, படம் பிடிக்கும் என்ற எண்ணத்தில் அந்தப் பன்னிரண்டிலிருந்து மூன்றை மட்டும் திரையில் காட்டுவேன். ஒரே தறிக்கூடத்தில் இரண்டு பையன்கள். ஒருவன் நெய்கிறான், மற்றவன் தறியில் சாய்ந்து தூங்குகிறான். அடுத்த படத்தில் தூங்கியவனைத் தூக்குமரத்துக்கு வண்டியில் ஏற்றிச் செல்கிறார்கள். மூன்றாவது படத்தில் நெய்தவன் லண்டனின் மேயராக வண்டியில் ஊர்வலம் வருகிறான். இதற்கு விளக்கமே தேவையில்லை. பேச்சு முடிந்ததும் கூடத்தின் உரிமையாளர் மகிழ்ந்துபோய்க் கை கொடுப்பார். பையன்கள் கை தட்டுவார்கள். எல்லோருக்கும் காபி வரும்.

சென்ற ஆண்டு, பேச்சுக்கு முந்தைய இரவு, பழைய படங்கள் மங்கலாக இருக்கின்றன என்று தெளிவான நகல்களைத் தேடி எடுத்து ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் படத்தில் மேயரின் ஊர்வலம், மாடங்களில் பார்வையாளர்கள், தெருவில் குடித்துவிட்டுத் தள்ளாடும் ஊர்க்காவல் படையினர் எல்லாம் எனக்குப் பழக்கமானவை. ஆனால் கீழ் மூலையில், கூட்டத்தின் ஓரமாக, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு விற்கும் சிறுவனை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தத் தாளில் எழுத்து இருக்கிறது. பெரிதாக்கிப் படித்தேன்: தாமஸ் ஐடிலின் ஆவியைப் பற்றிய முழுமையான, உண்மையான விவரம். தாமஸ் ஐடில் என்பவன்தான் தூங்கிய பையன். முந்தைய படத்தில் தூக்கிலிடப்பட்டவன். நான் ‘முற்றும்’ போட்டுவிட்டு எழுந்து வந்த இடத்தில் அவன் திரும்பி வந்திருக்கிறான். நல்லவனின் வெற்றி ஊர்வலத்துக்கு நடுவிலேயே, அவனுடைய ஆவியைப் பற்றிய செய்தி காசுக்கு விலைபோய்க்கொண்டிருக்கிறது. அன்றிரவு பன்னிரண்டு படங்களையும் முதல் முறையாக முதலிலிருந்து மெதுவாகப் பார்த்தேன்.

தறியில் ஒட்டிய தாள்கள்

லண்டனில் பட்டு நெசவுக்குப் பெயர்போன ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் கதை தொடங்குகிறது. பிரான்சிஸ் குட்சைல்ட், தாமஸ் ஐடில் என்பவை பெயர்களே அல்ல, தீர்ப்புகள். முன்னது ‘நல்லபிள்ளை’, பின்னது ‘சோம்பேறி’. இருவரும் அப்ரண்டிஸ்கள். 1563ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு தொழிலைச் செய்ய உரிமை வேண்டுமானால் ஏழு ஆண்டுகள் ஒரு முதலாளியிடம் பழகியிருக்க வேண்டும். பெற்றோர் பணம் கட்டிப் பையனைச் சேர்ப்பார்கள். அவன் முதலாளியின் வீட்டிலேயே உண்டு, உறங்கி, சம்பளமில்லாமல் வேலை செய்வான். ஒப்பந்தப் பத்திரத்தில் அவன் செய்யக்கூடாதவற்றின் பட்டியல் இருக்கும்: திருமணம் கூடாது, சூதாட்டம் கூடாது, மதுக்கடைக்கும் நாடகக் கொட்டகைக்கும் போகக்கூடாது. பதினான்கு வயது முதல் இருபத்தொன்று வரையிலான ஒருவனின் வாழ்க்கையிலிருந்து இவற்றையெல்லாம் கழித்தால் மீதி என்ன என்று பார்த்தால், தறிதான் மீதி.

முதல் படத்தில் எல்லோரும் பார்ப்பது, தூங்குபவனையும் கதவருகே கையில் கோலோடு வந்து நிற்கும் முதலாளியையும்தான். நான் அன்றிரவு பார்த்தது சுவரில் இருக்கும் தாள்களை. குட்சைல்டுக்குப் பின்னால் டிக் விட்டிங்டன் என்ற ஏழைப் பையன் லண்டன் மேயரான கதைப்பாட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. லண்டன் அப்ரண்டிஸின் வீரத்தைப் பாடும் இன்னொரு பாட்டும் இருக்கிறது. ஐடிலின் தலைக்கு மேல் தறிக்காலில் ஒட்டியிருப்பது மால் பிளாண்டர்ஸ் என்ற திருடியின் கதைத்தாள். இருவருக்கும் அப்ரண்டிஸ்களுக்கான நன்னெறி வழிகாட்டி ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒருவனுடையது சுத்தமாக இருக்கிறது, மற்றவனுடையது கிழிந்து தரையில் கிடக்கிறது. நெசவு நாடாவைப் பூனை உருட்டுகிறது, தறியின் மேல் மதுக்குவளை இருக்கிறது. அதாவது, ஹோகார்த்தின் கணக்கில் இரண்டு பையன்களையும் பிரிப்பது அவர்கள் எந்த மலிவுத்தாளை வாங்கிப் படித்தார்கள் என்பது. எழுதப் படிக்கத் தெரியாத முரடன் என்று நான் பையன்களிடம் சொல்லிவந்த ஐடில், உண்மையில் ஒரு வாசகன். அவன் படித்தது முதலாளிக்குப் பிடிக்காத கதை, அவ்வளவுதான்.

அந்த முதல் படத்தின் சட்டகத்திலேயே முடிவு வரையப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மேயரின் செங்கோல், வாள், தங்கச் சங்கிலி. மறு பக்கம் சாட்டை, விலங்கு, தூக்குக்கயிறு. பையனுக்கு மீசை முளைப்பதற்கு முன்பே கயிறு தொங்கிவிடுகிறது. இது எச்சரிக்கை என்று சொல்லப்படுகிறது. ஆனால் எச்சரிக்கை என்றால் திரும்பி வர வழி இருக்க வேண்டும். பன்னிரண்டு படங்களிலும் ஐடில் திருந்தக்கூடிய ஒரு வாசல்கூட வரையப்படவில்லை. கல்லறை மேட்டில் சூதாடுகிறான், கடலுக்கு அனுப்பப்படுகிறான், திரும்பி வந்து ஒரு பரண் அறையில் விலைமாதோடு ஒளிந்திருக்கிறான், புகைபோக்கி வழியே பூனை விழுந்த சத்தத்துக்கே நடுங்குகிறான். அந்தப் படத்தின் கீழே, அசைகிற இலையின் சத்தமும் அவர்களை ஓட்டும் என்ற வேத வசனம். பிறகு கொலை, காட்டிக்கொடுப்பு, கயிறு. வசனங்களை ஹோகார்த் தானே தேர்ந்தெடுக்கவில்லை. ஆர்னால்ட் கிங் என்ற பாதிரியார் நண்பர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். இந்தத் தகவல் சின்னதாகத் தோன்றினாலும் எனக்கு மிகவும் உதவியது. படத்துக்கு ஒருவர், உபதேசத்துக்கு ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கிறது. வசனம் எல்லா இடத்திலும் உறுதியாக இருக்க, படம் சில இடங்களில் வேறு பக்கம் பார்ப்பது அதனால்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பன்னிரண்டு ஷில்லிங்

இந்தப் படங்களை யாருக்காகச் செய்தார் என்பதில் ஹோகார்த்துக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இளைஞர்களின் பயனுக்காகவும் அறிவுரைக்காகவும் என்றே தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதற்காகவே கோடுகளை நுணுக்கமாகச் செதுக்காமல் தடித்த கோடுகளாகவே விட்டார். இத்தகைய பொருளுக்கு நேர்த்தியான செதுக்கு வேலை தேவையில்லை, முகபாவமும் குணச்சித்திரமும் சரியாக வந்தால் போதும் என்பது அவர் கருத்து. விலையைக் குறைப்பதும் நோக்கம். தொகுதி முழுவதற்கும் 12 ஷில்லிங், அதாவது படம் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங். மலிவுதான், ஹோகார்த்தின் மற்ற படங்களோடு ஒப்பிட்டால். ஆனால் அன்றைய லண்டனில் ஒரு கூலியாளின் நாள் வருமானம் ஏறக்குறைய 2 ஷில்லிங்; ஆறு நாள் உழைப்பைக் கொடுத்தால்தான் ஒரு தொகுதி கிடைக்கும். சம்பளமே இல்லாத அப்ரண்டிஸ் இதை எங்கிருந்து வாங்குவான்? கிறிஸ்துமஸ் காலத்தில்தான் இந்தப் படங்கள் அதிகம் விற்றன என்று ஹோகார்த்தே குறித்திருக்கிறார். அன்பளிப்பாக வாங்கியவர்கள் முதலாளிகளும் பெற்றோரும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

இந்த இடத்தில்தான் நான் சற்று நெளிந்து உட்கார்ந்தேன். என்னை அழைத்தவரும் முதலாளிதான். கேட்க உட்கார்ந்தவர்கள்தாம் பையன்கள். காபிச் செலவும் அவருடையதே. இளைஞர்களுக்கான நன்னெறி என்ற சரக்கை இளைஞர்கள் எந்தக் காலத்திலும் காசு கொடுத்து வாங்கியதாகத் தெரியவில்லை. அவர்கள் காசு கொடுத்து வாங்குவது மால் பிளாண்டர்ஸ் கதையை. லண்டனில் இதே காலத்தில் இதே போன்ற சரக்குகள் வேறும் இருந்தன. முதலாளியைக் கொள்ளையடித்து, சிற்றப்பனைக் கொன்று, தூக்கிலேறும் ஜார்ஜ் பார்ன்வெல் என்ற அப்ரண்டிஸைப் பற்றி ஜார்ஜ் லில்லோ எழுதிய நாடகம் 1731இல் அரங்கேறியது. அதன் பிறகு கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளில் அப்ரண்டிஸ்களுக்காகவே அதை நடத்துவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. நாடகக் கொட்டகைக்குப் போகக்கூடாது என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய முதலாளிகளே, நாடகக் கொட்டகைக்கு அனுப்பிவைத்தார்கள்; நாடகத்தில் தூக்குக்கயிறு இருந்தால் போதும். அச்சுக்கூடம் நடத்திவந்த சாமுவேல் ரிச்சர்ட்சன், பிற்காலத்தில் பெரிய நாவலாசிரியராக அறியப்பட்டவர், 1734இல் அப்ரண்டிஸ்களுக்கான கையேடு ஒன்றை எழுதி வெளியிட்டார். அவரும் ஏழு ஆண்டுகள் அப்ரண்டிஸாக இருந்து, பிறகு தம் முதலாளியின் மகளையே மணந்தவர். குட்சைல்டின் கதை கட்டுக்கதை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஊரில் அது அவ்வப்போது நடந்தது. லாட்டரியில் பரிசு விழுவதும் அவ்வப்போது நடக்கத்தான் செய்கிறது.

நடக்காத கதைகளும் உண்டு. ‘உழைப்பும் சோம்பலும்’ வெளிவந்த இருபத்திரண்டாம் ஆண்டு, அதாவது 1769 டிசம்பர் 6 அன்று, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களான ஜான் டாய்ல், ஜான் வாலைன் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். கூலிக் குறைப்பை எதிர்த்த போராட்டத்தில் தறியிலிருந்த பட்டை அறுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கமாகத் தூக்கிலிடும் இடமான டைபர்னுக்குக் கொண்டுபோகாமல், நெசவாளர் குடியிருப்பை ஒட்டிய பெத்னல் கிரீனிலேயே தூக்குமரம் நட்டு, அவர்களுடைய சொந்த மக்கள் பார்க்கும்படி அதைச் செய்தார்கள். அவர்கள் தறியில் தூங்கியவர்கள் அல்லர். நெய்தவர்கள். நெய்ததற்கு என்ன கூலி என்பதில் சண்டையிட்டவர்கள். ஹோகார்த் 1764லேயே இறந்துவிட்டார். அந்தக் காட்சியை அவர் வரைந்திருந்தால் எந்தச் சட்டகத்தில் வைத்திருப்பார் என்று யோசிக்கிறேன். செங்கோலும் கயிறும் என்ற இரண்டு பக்கச் சட்டகத்தில் அவர்களுக்கு இடமில்லை.

பத்தாம் படம்

பன்னிரண்டு படங்களில் இரண்டு பையன்களும் நேருக்கு நேர் சந்திப்பது இரண்டே முறை. முதல் படத்தில் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள். பிறகு பத்தாம் படத்தில். இடையில் இருவரும் மாறி மாறி வருகிறார்கள்: தேவாலயத்தில் முதலாளியின் மகளோடு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்துகொள்ளும் குட்சைல்ட், வெளியே கல்லறை மேல் காசு விளையாடும் ஐடில், கணக்கறையில் சாவிகளை வாங்கிக்கொள்ளும் குட்சைல்ட், ஒப்பந்தப் பத்திரத்தைத் தண்ணீரில் எறிந்துவிட்டுப் படகில் போகும் ஐடில். பத்தாம் படத்தில் குட்சைல்ட் ஆல்டர்மேன், அதாவது நகர மன்றத்தின் மூத்த உறுப்பினர், ஆகிவிட்டான். நகரத்தின் குற்றவியல் நடுவர் நாற்காலியில் இருக்கிறான். தடுப்புக்கு அப்பால் கட்டப்பட்ட கைகளோடு ஐடில் கெஞ்சுகிறான். கூடச் சேர்ந்து கொலை செய்த ஒற்றைக்கண்ணன் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறான். ஐடிலின் தாய் அழுதபடி அங்கிருக்கும் காவலாளிடம் முறையிடுகிறாள். அவன் காதில் வாங்குவதாக இல்லை. குட்சைல்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் கண்களை மறைத்துக்கொள்கிறான். எழுத்தர் நியூகேட் சிறைக் காவலருக்கான உத்தரவை எழுதிக்கொண்டிருக்கிறார்.

நான் பேசும்போது இந்தப் படத்தைக் காட்டுவதில்லை. ஆனால் வாயால் சொல்லுவேன். “தன்னோடு பழகியவனைத் தண்டிக்க வேண்டிய நிலை, நல்லவன் மனம் உருகிக் கண்ணை மூடிக்கொண்டான், ஆனாலும் கடமையைச் செய்தான்” என்று. கூடத்தில் அமைதி நிலவும். எனக்கே தொண்டை சற்று கரகரக்கும். அன்றிரவு படத்தைப் பெரிதாக்கியபோது, சத்தியம் செய்பவன் புத்தகத்தின் மேல் வைத்திருப்பது இடக்கை என்று தெரிந்தது. முறைப்படி வலக்கையை வைக்க வேண்டும். இது செல்லாத சத்தியம். சத்தியம் செய்துவைக்கும் அலுவலர் அதைக் கவனிக்காமலிருக்க ஒரு பெண் அவர் கையில் காசைத் திணிக்கிறாள். மேசைக்கு ஒரு முழம் தள்ளி, நீதிமான் உட்கார்ந்திருக்கும் அதே அறையில், நீதி விலைபோகிறது. பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை. ஏனென்றால் அவன் இரக்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான்.

படத்தின் கீழே பாதிரியார் தேர்ந்தெடுத்த வசனம்: நியாயவிசாரணையில் அநியாயம் செய்யாதிருங்கள். வசனம் குட்சைல்டைப் புகழ்வதாக வைத்தாரா, எச்சரிப்பதாக வைத்தாரா என்று வசனத்தைக் கொண்டு சொல்ல முடியாது. படத்தைக் கொண்டு சொல்லலாம். தமிழில் இரக்கத்துக்குக் கண்ணோட்டம் என்று பெயர். கண் ஒருவர்மேல் ஓடுவதுதான் இரக்கம். குட்சைல்ட் செய்வது அதன் நேர் எதிர். இன்னொரு பக்கம், முறை செய்பவனுக்குக் கண்ணோட்டம் கூடாது என்றும் குறள் சொல்கிறது: ‘ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை.’ நண்பன் என்று கண் ஓடக்கூடாது, சரி. அதற்கு முன்னால் ‘ஓர்ந்து’ என்றும் பின்னால் ‘தேர்ந்து’ என்றும் இரண்டு சொற்கள் காவல் நிற்கின்றன. ஆராய்ந்து பார்ப்பவனுக்குத்தான் கண்ணோடாமலிருக்கும் உரிமை உண்டு. குட்சைல்ட் அந்தக் குறளின் நடுச்சொல்லை மட்டும் கடைப்பிடித்தவன். இரக்கமும் காட்டவில்லை, விசாரிக்கவுமில்லை. இரக்கப்படுவதுபோல் தனக்கே தோன்றும்படி ஒரு கையை முகத்தருகே வைத்துக்கொண்டான்.

ஐடில் குற்றவாளி இல்லை என்று நான் சொல்லவரவில்லை. முந்தைய படத்தில், பிளீட் தெருவை ஒட்டிய ஒரு நிலவறைக் குடிக்கடையில், கொல்லப்பட்டவனின் உடலைத் தரையிலுள்ள கதவு வழியே தள்ளிக்கொண்டிருக்கும்போது கொள்ளைப் பொருளைப் பங்குபோடுகிறான் அவன். சட்டப்படி ஒழுங்காக விசாரித்திருந்தாலும் கயிறுதான் கிடைத்திருக்கும். எனக்கு உறுத்தியது வேறு. அந்த இடக்கையை வரைய வேண்டிய கட்டாயம் ஹோகார்த்துக்கு எதுவும் இல்லை. முதலாளிகள் கிறிஸ்துமஸுக்கு வாங்கிப் போகும் படம் அது. வலக்கையை வரைந்துவிட்டுப் போயிருக்கலாம், ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். லண்டன் நீதிமன்ற அறைகளை அவர் பார்த்திருக்கிறார். கண்ணால் பார்த்ததைக் கை வரைந்துவிட்டது. கண்டிப்பான நன்னெறிப் படத்துக்குள் இப்படியொரு சிறிய நேர்மை நுழைந்து உட்கார்ந்துகொண்டது.

அதைப் பார்த்த பிறகு மற்ற படங்களும் மாறிவிட்டன. எட்டாம் படத்தில் குட்சைல்ட் நகரத்தின் உயர் அலுவலரான ஷெரீப்பாகி விருந்து வைக்கிறான். படத்தின் முன்பகுதி முழுவதும் வாய் கொள்ளாமல் தின்னும் பெருந்தலைகள். குட்சைல்டும் அவன் மனைவியும் வெகு தொலைவில், மேசையின் கடைசியில், அடையாளம் தெரியாத புள்ளிகளாக இருக்கிறார்கள். கதவருகே ஏழைகள் நெருக்கியடிக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த மனுவில் குட்சைல்டின் பெயர் இருக்கிறது, மனுவோ காவலாளின் கையோடு நிற்கிறது. பன்னிரண்டாம் படத்தில் மேயர் வண்டிக்குள் எங்கோ இருக்கிறார். தெருவில் குடிகாரர்களைத்தான் தெளிவாகப் பார்க்க முடிகிறது. உயர உயர நல்லபிள்ளை சிறியவனாகிக்கொண்டே போகிறான். ஐடிலோ எல்லாப் படங்களிலும் நமக்கு அருகிலேயே இருக்கிறான், முகம் தெரியும்படி. அவனுக்கு ஒரு தாய் இருக்கிறாள். கடலுக்குப் போகும் படகில் அழுகிறாள், நீதிமன்றத்தில் அழுகிறாள். குட்சைல்டின் பெற்றோர் அச்சுப்படங்களில் எங்குமே வருவதில்லை. ஹோகார்த் இந்தத் தொகுதிக்காக வரைந்த ஆயத்தப் படங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றில் வளமடைந்த குட்சைல்ட் தன் பெற்றோருக்குப் பணம் கொடுக்கும் காட்சி ஒன்றும் உண்டு. செப்புத்தகட்டுக்கு அது போகவேயில்லை. நன்னெறித் தொகுதி ஒன்றில் இதைவிடப் பொருத்தமான காட்சி வேறென்ன இருக்க முடியும்? அதை விட்டுவிட்டார்.

ஏழு ஆண்டு முடிக்காதவர்

ஹோகார்த் மறைமுகமாக ஐடிலின் பக்கம் என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அவர் உபதேசத்தை நம்பித்தான் செய்தார். இந்தப் படங்களை வைத்து ஒரு பாதிரியார் பிரசங்கம் செய்ததைப் பெருமையாகக் கருதியவர் அவர். ஆனால் அவருடைய சொந்தக் கதை அவர் போட்ட சட்டகத்தில் அடங்காதது. தந்தை ரிச்சர்ட் ஹோகார்த் பள்ளி ஆசிரியர், லத்தீன் அறிஞர், அயராமல் உழைத்தவர். லத்தீனில் பேசுவதற்கென்றே ஒரு காபிக் கடையைத் திறந்து, அது நொடித்துப்போய், கடனுக்காகப் பிளீட் சிறையில் சில ஆண்டுகள் குடும்பத்தோடு கிடந்தார். உழைத்தவன் சிறைக்குப் போவதைப் பத்து வயதில் பார்த்த பையன் அவர்.

பதினாறு வயதில் எல்லிஸ் கேம்பிள் என்ற வெள்ளிப் பாத்திரச் செதுக்குக்காரரிடம் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். ஏழு ஆண்டு ஒப்பந்தம். முடிக்கவில்லை. 1720இல் தாமே கடை போட்டுவிட்டார். பாத்திரத்தில் குலச் சின்னங்களைச் செதுக்கும் வேலை அவருக்குச் சலித்துப்போயிருந்தது; படிப்பையும் கேளிக்கையையும் ஒன்றாகவே நடத்த ஒரு வழி தேடியதாகப் பிற்காலத்தில் எழுதினார். பிறகு அரச ஓவியர் சர் ஜேம்ஸ் தார்ன்ஹில் நடத்திய ஓவியப் பள்ளிக்குப் போனார். 1729இல் அவருடைய மகள் ஜேனை, தந்தைக்குத் தெரியாமல் கூட்டிச்சென்று மணந்துகொண்டார். தார்ன்ஹில் பிறகு சமாதானமானார். ஆக, ஒப்பந்தத்தை முடிக்காமல் வெளியேறிய ஐடிலும் அவரே, குருவின் மகளை மணந்த குட்சைல்டும் அவரே. இரண்டாவதையும் தேவாலயத்தில் பாட்டுப் புத்தகம் பகிர்ந்து சாதிக்கவில்லை, ஓடிப்போய்ச் சாதித்தார். ஆறாம் படத்தில், திருமணத்துக்கு மறுநாள் காலை, முதலாளி வெஸ்ட் பெயரும் குட்சைல்ட் பெயரும் சேர்ந்த கடைப்பலகை தொங்குகிறது. முதல் அச்சில் குட்சைல்டின் பெயர் முன்னால் இருந்தது. பிறகு திருத்தி மூத்தவர் பெயரை முன்னால் போட்டார்கள். அந்தப் பிழையைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். மருமகனின் கை தானாகவே ஓடியிருக்கிறது.

தார்ன்ஹில் வீட்டில் ஹோகார்த் கேட்டிருக்கக்கூடிய இன்னொரு கதையும் உண்டு. ஜாக் ஷெப்பர்ட் என்ற தச்சு அப்ரண்டிஸ், அவனும் ஏழு ஆண்டை முடிக்காமல் வெளியேறியவன், 1724இல் அடுத்தடுத்துச் சிறைகளை உடைத்துத் தப்பி லண்டனையே வாய் பிளக்க வைத்தான். நியூகேட் சிறையில் சங்கிலியில் கிடந்தவனைப் போய்ப் பார்த்து உருவப்படம் தீட்டியவர் தார்ன்ஹில். அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று டைபர்னில் அவனைத் தூக்கிலிட்டார்கள், வயது இருபத்திரண்டு. அவன் கதை சொல்லும் மலிவுத்தாள்கள் அப்போதே விற்றுத் தீர்ந்தன. நாடகமாகவும் பாட்டாகவும் அவன் நூறாண்டுக்கு மேல் லண்டன் தெருவில் நடமாடினான். அவன் தூக்கிலேறிய ஆண்டில் லண்டன் மேயராக இருந்தவர் யார் என்று கேட்டால் நான் புத்தகத்தைப் புரட்டித்தான் சொல்ல வேண்டும்.

ஹோகார்த்துக்கு இது தெரியும் என்பதற்குப் பதினொன்றாம் படமே சாட்சி. டைபர்ன் மைதானம் திருவிழாவாக இருக்கிறது. தூக்குமரத்தின் மேல் சாய்ந்தபடி தூக்கிலிடுபவன் புகைபிடிக்கிறான். சிறையின் அதிகாரபூர்வப் பாதிரியார் சொகுசாகத் தம் வண்டியில் முன்னே போய்விட்டார். சவப்பெட்டியோடு தட்டுவண்டியில் வரும் ஐடிலின் அருகில் உட்கார்ந்து பேசுபவர் ஒரு மெத்தடிஸ்ட் போதகர். படத்தின் முன்பகுதியில், கைக்குழந்தையோடு ஒரு பெண், ‘தாமஸ் ஐடிலின் கடைசி மரண வாக்குமூலம்’ என்ற தாளைக் கூவி விற்கிறாள். ஐடில் இன்னும் உயிரோடு வண்டியில் வந்துகொண்டிருக்கிறான். அவனுடைய கடைசி வார்த்தைகள் அதற்குள் அச்சாகி விற்பனைக்கு வந்துவிட்டன. மால் பிளாண்டர்ஸ் தாளைத் தறியில் ஒட்டிவைத்திருந்த பையன் இப்போது தானே ஒரு தாளாகிவிட்டான். அடுத்த படத்தில் ஆவியாகி இன்னொரு தாளாகிறான். இன்னும் ஏதோ ஒரு தறிக்காலில், விட்டிங்டன் பாட்டுக்கு எதிர்ப்பக்கம், யாராவது ஒருவன் அதை ஒட்டிவைத்திருப்பான். அந்தத் தாளையெல்லாம் அச்சிட்டு விற்பவர்களின் ஊரில்தான், ஷில்லிங் விலையில் தம்முடைய தாள்களையும் ஹோகார்த் விற்றுக்கொண்டிருந்தார்.

இந்த ஆண்டுக்கான அழைப்பு போன வாரம் வந்தது. மூன்று படங்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டையும் காட்டலாமா, பத்தாம் படத்தில் சற்று நேரம் நின்று பையன்களையே பார்த்துச் சொல்லச் சொல்லலாமா என்று உரிமையாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். “தாராளமாச் செய்யுங்க சார், உங்க இஷ்டம்” என்றார். பிறகு ஒரு கணம் தயங்கிவிட்டு, “கடைசியில அந்த மேயர் படம் வந்துடும்ல?” என்று கேட்டார். வரும் என்றேன்.